நெகட்டிவ் இல்லாத படம்

"நெகட்டிவையும் சேர்த்துக் கொடுத்துடுங்கண்ணே. இங்க ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது."

அந்தப் பெண் உட்காரும்போதே வாசலைப் பார்த்தாள். மடியில் மூன்று வயதுக் குழந்தை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இப்போ நெகட்டிவே கிடையாதும்மா, எல்லாம் டிஜிட்டல். போன மாசம்தான் மாறினோம்," என்றார் போட்டோக்காரர், புது மாப்பிள்ளைப் பெருமையுடன். "பாஸ்போர்ட்டுக்கா?"

"ஆமா. தாயும் பிள்ளையும் ஒரே படத்துல இருக்கணுமாம். சீக்கிரம்ணே! தேடிக்கிட்டு வந்துட்டார்னா என்னை உயிரோட விடமாட்டார்."

கல்லாவிலிருந்த போட்டோக்காரரின் மனைவி எழுந்து வந்தாள். பெண்ணின் கையெல்லாம் நகக் கீறல்.

"யாரு, வீட்டுக்காரரா? இதுவும் அவர் வேலைதானா?"

பெண் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அம்மா... அம்மா..." குழந்தை விம்மியது.

"அம்மா இங்கதானே இருக்கேன், கண்ணு."

பிளாஷ் மின்னியது. கொஞ்ச நேரத்தில் படங்கள் அச்சாகிக் கைக்கு வந்தன.

"இப்போ அழிச்சிடுங்க."

போட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். "எடுத்த படத்தை அழிச்சுப் பழக்கமே இல்லம்மா. எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முந்தி எடுத்த நெகட்டிவ்கூடப் பரண்ல இருக்கு. அது தொழில் வழக்கம்."

"அந்த வழக்கத்தைக் கரப்பான் தின்னுக்கிட்டிருக்கு!" மனைவி சீறினாள். "நாளைக்கு அந்த ஆள் வந்து சட்டையைப் பிடிச்சா, பல்லைக் காட்டிக்கிட்டே படத்தையும் காட்டிடுவீங்க. பொம்பளை கஷ்டம் பொம்பளைக்குத்தான் தெரியும். அழிங்க!"

வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. பெண் வெளிறிப்போய்ச் சுவரோடு ஒண்டினாள். போட்டோக்காரர் ஓடிப்போய் முன்கதவைச் சாத்தினார். மூவரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வண்டி கிளம்பிப் போனது.

அதன் பிறகு அவர் தயங்கவில்லை. கேமராவில் அழித்தார். கம்ப்யூட்டரிலும் அழித்தார்.

"அழிச்சதெல்லாம் கம்ப்யூட்டரோட குப்பைக்கூடையில கிடக்கும்ணே. அதையும் காலி பண்ணுங்க."

காலி செய்தார். "பூண்டோட போச்சும்மா. இனி எமனே வந்து கேட்டாலும் எங்கிட்ட ஒண்ணுமில்ல."

பின்கதவைத் திறந்துவிட்டாள் மனைவி. "இந்தச் சந்துலயே போ, பஸ் நிலையம் வந்துடும். திரும்பிப் பாக்காதே, தாயி."

அவள் போன சற்று நேரத்தில் முன்கதவு படாரென்று திறந்தது. கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாக ஒருவன் உள்ளே பாய்ந்தான்.

மனைவி கணவரின் தோளைப் பற்றினாள். "வந்துட்டான்ங்க!"

"இங்க... இங்க யாரும் வரல தம்பி," போட்டோக்காரருக்கு நாக்கு குழறியது. "நாங்க யாரையும் பாக்கல."

அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஒரு படத்தை மேஜைமேல் வைத்தான். அதே குழந்தை, வாயெல்லாம் சிரிப்பாக.

"இதை நூறு காப்பி போட்டுக் கொடுங்க சார். தெருத்தெருவா ஒட்டணும்."

அவனுக்குப் பின்னால் தள்ளாடி வந்த இன்னொரு பெண் கதவைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்து கதறினாள்.

"வாசல்ல விளையாடிக்கிட்டிருந்த என் பிள்ளையை எவளோ தூக்கிட்டுப் போயிட்டாளே! அவ முகத்தைக்கூட ஒருத்தரும் பாக்கலையே!"