தீவுக்குப் போன உருண்டைகள்

“அத்தை, இன்னும் கொஞ்சம் வறுங்க. வாசனை மூக்கைத் துளைக்கணும். பார்த்தா தின்னாம இருக்கவே முடியக் கூடாது.”

“எனக்கே சொல்லித் தர்றியா?” என்றாள் மாமியார். வேர்க்கடலை வறுபடும் மணம் அதற்குள் தெருக்கோடி வரை போயிருந்தது. அவள் கைப்பக்குவத்துக்கு மயங்காதவர்கள் கிடையாது. அது அவளுக்கும் நன்றாகவே தெரியும்.

மருமகள் கடற்பறவை ஆராய்ச்சியாளர். கரைக்கு எதிரே இருக்கும் தீவில் ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாகக் குஞ்சு பொரித்த பறவைகள் இப்போது அடியோடு இல்லை. அந்தத் தீவை மறுபடி பறவைத் தீவாக்க ஆறு வருஷமாக அவள் படாத பாடு படுகிறாள். இப்போது கடைசிச் சோதனை. பார்த்து முடிவு சொல்ல வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்திருக்கிறார்.

“இதுல தேறலைன்னா?”

“திட்டத்தையே இழுத்து மூடிடுவாங்க அத்தை. தீவு முழுக்க நண்டு புகாத சின்னப் பெட்டிங்க வெச்சிருக்கோம். ஒவ்வொண்ணுலயும் உங்க கடலை உருண்டை ஒண்ணு. ஒரு வாரம் கழிச்சுப் பார்ப்போம்.”

பறவைகளுக்கு வீடும் கொடுத்து விருந்தும் வைக்கிறார்கள் போலிருக்கிறது என்று மாமியார் உருகிப்போனாள். கேட்காமலே தேனைத் தாராளமாக ஊற்றினாள். நைசாக ஒரு உருண்டையை எடுக்க வந்த மகனின் கையில் கரண்டியாலேயே ஒன்று வைத்தாள்.

அடுத்த வாரம் படகுத்துறையில் காலையிலிருந்தே அவள் காத்துக் கிடந்தாள். படகு வந்தது. மருமகள் வாளியோடு இறங்கினாள். கண்கள் சிவந்திருந்தன.

மாமியார் வாளியை எட்டிப் பார்த்தாள். உருண்டைகள் போனபடியே திரும்பி வந்திருந்தன.

“ஒண்ணுகூடவா தொடலை?”

“ஒரு கடி, ஒரு கீறல்கூட இல்லை அத்தை. ஒரு பெட்டி விடாம பார்த்தாச்சு.”

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, தேனை ஊத்தி நானே கெடுத்துட்டேனே! உன் உழைப்பெல்லாம் என்னால பாழாப் போச்சே!”

பின்னாலேயே இறங்கிய நிபுணர் நேராக அவளிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “நீங்க செஞ்சதுதானாம்மா? இவ்வளவு மணமா ஒண்ணை நான் எந்தத் தீவுலயும் பார்த்ததில்லை!”

படகிலிருந்தவர்கள் விசிலடித்தார்கள். மாமியாருக்கு அழுகையோடு கோபமும் வந்தது. “தோத்துப் போனவளைக் கிண்டல் வேறயா?”

மருமகள் அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“ஜெயிச்சுட்டோம் அத்தை! யாருக்குன்னு சொன்னா அடுப்புப் பக்கமே விடமாட்டீங்கன்னுதான் மறைச்சேன். அது அங்க முட்டையையும் குஞ்சையும் தின்னு தீர்த்த எலிங்களுக்கு வெச்சது. உங்க கைமணத்துக்கே ஒண்ணும் வரலைன்னா, அந்தத் தீவுல இனிமே எலியே கிடையாது!”