மண் படாத சட்டை

“உங்க கவியரசன நாங்க சேத்துக்கிறோம் சார்” என்று இருதயசெல்வி டீச்சர் சொன்னதும் ஜெகதீசனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பின்னே? சற்று முன்புதான் அவருடைய விழுப்புரம் பேஸ்பால் அணியை அவளுடைய திண்டிவனம் அணி மண்ணைக் கவ்வ வைத்திருந்தது.

ஜெயித்த ஊர்தான் மாவட்டத்தின் பெயரில் மாநிலப் போட்டிக்குப் போகும். தோற்ற ஊரிலிருந்து ஒரு பையனைச் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே இறங்கி ஆடுகிறவர்களைப் பார்த்துத்தான் இந்திய அணிக்கு ஆள் எடுப்பார்கள். அந்த அணிதான் ஆசியக் கோப்பைக்கு விமானம் ஏறும்.

கவியரசன் ஜெகதீசனின் ஒரே பிள்ளை. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்.

கடலூர்க்காரர்கள்கூட அவனைக் கேட்டிருந்தார்கள். ஆனால் ஒரு மாவட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டால் இன்னொன்றுக்கு ஆட முடியாது. ஜெகதீசன் அங்கேயே கடலூருக்குப் போன் போட்டு, பையன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டார்.

பையன் கையெழுத்துப் போட்டான்.

“பழசையெல்லாம் மனசுல வச்சிக்கினு இல்லாம பண்றீங்களே டீச்சர்!” அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

வைத்துக்கொள்ளாமலா? அவள் வயிறு ஒரு வருஷமாக எரிந்துகொண்டிருந்தது. மன்னித்துவிடு என்கிறார் ஃபாதர். அவருக்கென்ன, பிள்ளையா குட்டியா!

போன வருஷம் ஜெயித்தது விழுப்புரம். ஜெகதீசன் இதேபோல்தான் அவள் மகன் ஆஸ்வினைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவள் கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள். அதுதான் அவனுக்கும் கடைசி வருஷம். திரும்பி வந்தவன் பந்தைக் கையால் தொடவில்லை.

இருதயசெல்வி பையிலிருந்து மாவட்டச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஏழாம் நம்பர். கவியரசன் அதை அங்கேயே மாட்டிக்கொண்டு முதுகைத் திருப்பி அப்பாவிடம் காட்டினான்.

நம்பரைப் பார்த்ததும் ஜெகதீசன் முகத்தில் ஈயாடவில்லை.

“அதே சட்டைதான் சார், நீங்க ஆஸ்வினுக்குக் குடுத்தது. ஒரு ஆட்டத்துலகூட எறக்காம பெஞ்சுலயே குந்த வச்சீங்களா, ஒரு பொட்டு மண்ணு ஒட்டல. உங்க புள்ளையும் அப்படியே கொண்டாந்து குடுக்கட்டும்.”