தம்பி கொடுத்த அட்டை

இருபது வருஷத்து மீசையை வழித்துவிட்டு வெலிசார் வெளியே வந்ததும், அடுப்படியில் நின்ற மனைவி ஸ்தான்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அட, மாப்பிள்ளைக் களை வந்துடுச்சே! எங்க கிளம்பிட்டீங்க?"

"சர்ச்சுக்கு. இனிமே நான் புது மனுஷன்."

"நல்லா வேண்டிக்கங்க" என்று வழியனுப்பி வைத்தாள். பாவி மனுஷன், குளிர்காலத்து விறகுக்கு வைத்திருந்த பணம் மொத்தமும் அவன் கோட்டுப் பைக்குள் இருந்தது.

ஆறு மாசத்துக்கு முன்புதான் ஸ்தான்கா அழுது புரண்டு, 'என்னை எந்தச் சூதாட்ட விடுதியிலும் உள்ளே விடக்கூடாது' என்று அரசாங்கத்துக்கு அவனையே எழுதிக் கொடுக்க வைத்தாள். இன்னொரு தடவை ஆடினால் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றும் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து ரூசே ஊரில் எந்த விடுதி வாசலில் அடையாள அட்டையை நீட்டினாலும் இயந்திரத்தில் சிவப்பு விளக்குதான். ஆனால் ஆடிய கை சும்மா இருக்குமா?

நேரே தம்பி ராடோய் வீட்டுக்குப் போனான். இரட்டைப் பிள்ளைகள், மீசை ஒன்றுதான் வித்தியாசம். ராடோய் சீட்டுக்கட்டைக் கையால்கூடத் தொடாத ஆசாமி.

"டேய், தபால் ஆபீஸ்ல உன் பேருக்கு ஏதோ பார்சல் வந்திருக்காம். அட்டையைக் குடு, நானே வாங்கிட்டு வரேன்."

"இந்தாண்ணா."

என்ன பார்சல், யார் அனுப்பியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரியான ஏமாளி என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வெலிசார் கிளம்பினான்.

விடுதி வாசலில் இருந்த பெண் அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், திருப்தியாக அட்டையை இயந்திரத்தில் வைத்தாள். சிவப்பு!

"மன்னிக்கணும் சார். உள்ள விடாதீங்கன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஐயோ, அது நான் இல்லம்மா, எங்க அண்ணன்! நான் ராடோய்!"

"ராடோய் பேருலதான் சார் தடையே இருக்கு."

வெலிசாருக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. விறுவிறுவென்று திரும்பிப் போய்த் தம்பி வீட்டுக் கதவை இடித்தான்.

"எனக்கு வாய் கிழிய உபதேசம் பண்ணிட்டு, நீயும் திருட்டுத்தனமா ஆடிட்டுத்தான் இருந்தியாடா?"

ராடோய் அட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"எனக்கு ஆடவே தெரியாதுண்ணா. உங்ககிட்ட கையெழுத்து வாங்கின மறுநாளே அண்ணி என்கிட்டயும் வாங்கிட்டாங்க!"