கோணல் மணி வரிசை

மாடு மேய்க்கும் மாசாய் இனத்தாரின் குடிசை ஒன்றில், ஒரே தகர டப்பாவில் ஊசியும் பென்சிலும் இருந்தன. பாசிமணி கோப்பதில் ஊசியை மிஞ்ச ஆளில்லை. வாயும் அதற்குக் கூர்தான். பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வீட்டு மகள் நசேரியனோடு வந்து ஒட்டிக்கொண்ட பென்சிலைக் கண்டாலே அதற்கு ஆகாது.

நசேரியனின் படிப்பை அப்பா நிறுத்திவிட்டார். பெண்ணுக்குப் பரிசமாக மாடுகளோடு மாப்பிள்ளை வருவதற்குள் அவள் தன் கல்யாணக் கழுத்துப்பட்டையைக் கோத்து முடிக்க வேண்டும். பென்சிலால் தாளில் ஒரு மாதிரி வரைந்து, அதைப் பார்த்துக் கோத்தாள்.

"இதென்னடி, கோழி கிளறின மாதிரி? இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறொன்று! நானே நேராக்கிவிடுகிறேன்" என்றது ஊசி.

"அக்கா, உனக்குப் புண்ணியமாய்ப் போகும், ஒரு மணியைக்கூட மாற்றாதே. அவள் படிப்பே அதில்தான் இருக்கிறது" என்று கெஞ்சியது பென்சில்.

ஊசி முணுமுணுத்துக்கொண்டே கோத்தது.

மாப்பிள்ளை வந்ததும், எழுத்து வாசனையே இல்லாத அப்பா மகளை முன்னால் நிறுத்தி, "புது தினுசு, பாருங்கள்!" என்று பட்டையைக் காட்டினார். நகரத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை குனிந்து பார்த்தான். அவன் உதடுகள் அசைந்தன.

"பதினெட்டு என்றீர்களே, ஐயா?"

அப்பா வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாடுகள் வந்த வழியே திரும்பின.

திங்கட்கிழமை காலை, அப்பாவின் சம்மதத்தோடு மறுபடி பள்ளிக்குக் கிளம்பிய நசேரியன், பென்சிலை எடுக்க டப்பாவைத் திறந்தாள்.

"போகிறதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போ. அந்தக் கோணலில் என்னதான் எழுதியிருந்தது?" என்று பென்சிலைக் கேட்டது ஊசி.

"'எனக்குப் பதின்மூன்று வயது' என்று, அக்கா."

ஊசி டப்பாவுக்குள் துள்ளியது.

"முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன? சிவப்பு மணியாகப் பொறுக்கி, இன்னும் பெரிதாகப் போட்டிருப்பேனே!"