எந்தப் பக்கத்து ஆள்?

"தண்ணியில கிடந்தவன் நம்ம பக்கமா, ஜெர்மன் பக்கமான்னு கேட்காம எப்படிய்யா சம்பான்ல ஏத்துன?"

ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி தங்கராஜு மேசையைத் தட்டினார். எதிரே நின்ற ஜபருல்லா, ஏதோ திருடி அகப்பட்டவர் போலத் தலையைச் சொறிந்தார்.

பினாங்குத் துறைமுகத்தில் முப்பது வருஷமாகச் சம்பான் படகு ஓட்டுகிறவர் ஜபருல்லா. வயசாகிவிட்டது என்று இந்த வருஷம் லைசென்ஸை நிறுத்திவிட்டார்கள். ஜெர்மன் போர்க்காலத்தில் சேவை செய்தவர் என்று போர் நினைவு நாள் கமிட்டி ஒரு கடிதம் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது.

கடிதத்தை எழுதப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தான் சின்னக் கிராணி வேலு. கையெழுத்துப் போடவேண்டியவர் கமிட்டிக் காரியதரிசி தங்கராஜு. நாளைக்கு நினைவு நாள் அல்லவா, அதற்கு அணியும் சிவப்புக் காகிதப் பூ அவர் கோட்டில் இன்றைக்கே ஏறிவிட்டது.

"கேட்க ஏதுங்க ஐயா நேரம்? ஜெர்மன்காரனோட எம்டன் கப்பல் அடிச்சு ருஷ்யாக் கப்பல் முழுகிக்கிட்டிருக்கு. இன்னும் சரியா விடியல. தண்ணியெல்லாம் தலையா இருக்கு. கைக்கு எட்டுனவங்களைத் தூக்குனேன். ஏழு பேரு."

"அதுல ஒருத்தன் ஜெர்மன்காரனா இருந்திருந்தா?"

"இருந்தா என்னங்க ஐயா, அவனையும் தூக்க வேண்டியதுதான் லா."

"கேட்டியா வேலு! நம்மது தர்ம யுத்தம்யா. நியாயத்துக்கும் அநியாயத்துக்கும் நடுவுல நின்னுக்கிட்டு அகப்பட்டவனையெல்லாம் தூக்கிவிட்டா, அதுக்குப் பேரு சேவையா? துரோகம்!"

வேலு தலையாட்டினான். ஆட்டாமல் அந்த ஆபீசில் சம்பளம் வாங்க முடியாது.

எம்டன் வந்த அன்று ஊரே ஓடியபோது, தாம் ஒருவர் மட்டும் ஆபீஸ் காகிதக் கட்டுகளை மார்போடு அணைத்தபடி படகுத்துறையில் நின்ற கதையைத் தங்கராஜு வருஷம் தவறாமல் சொல்லுவார். ஒவ்வொரு வருஷமும் குண்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து விழும். போருக்குப் போகாதவர்களுக்குத்தான் போரின் நியாயம் இத்தனை சுத்தமாகப் புரிகிறது என்று வேலுவுக்குத் தோன்றும். தோன்றுவதோடு சரி.

"சாட்சி வேணும்" என்றார் தங்கராஜு. "நீ காப்பாத்துனதுல ஒருத்தனையாவது காட்டு. நம்ம பக்கத்து ஆளுதான்னு தெரிஞ்சா கையெழுத்துப் போடுறேன்."

"ஆறு பேரு அவங்க ஊருக்குப் போயிட்டாங்க ஐயா."

"ஏழாவது ஆளு?"

"அவரு நம்ம தமிழருதான். இந்த ஊர்லதான் இருக்காரு."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? யாரு?"

"வேணாங்க ஐயா. பதினாறு வருஷமா யாருகிட்டேயும் நான் மூச்சு விட்டதில்ல. பாவம், பெரிய மனுஷரு. அவரு மானம் போயிடும்."

"அவன் மானத்தைப் பத்தி உனக்கென்ன? லைசென்ஸ் வேணுமா, வேணாமா?"

ஜபருல்லா வேலுவின் பக்கம் திரும்பினார். "தம்பி, கொஞ்சம் வெளியே இருக்கிறீங்களா?"

"அவன் எங்கேயும் போகவேணாம். எழுதிக்கட்டும். பேரைச் சொல்லு!"

ஜபருல்லா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்கதான் ஐயா. குண்டுக்குப் பயந்து அக்கரையில இருக்கிற பிறை ஊருக்கு ஓடின படகு கவுந்து தண்ணியில தத்தளிச்சுக்கிட்டிருந்தீங்க. கரையில இறக்கிவிட்டதும் திரும்பிப் பாக்காமப் போயிட்டீங்க, அதான் என் முகம் ஞாபகமில்ல. நான் கிட்ட வந்தப்ப, ஜெர்மன்காரன் வந்துட்டான்னு நினைச்சுக் கையெடுத்துக் கும்பிட்டு, 'நான் எந்தப் பக்கமும் இல்லீங்க, வெறும் கிராணி'ன்னு அழுதீங்க."