குங்குமப் பொட்டுக்குக் கீழே

"இந்த வண்டி ரேசுக்குப் போகக் கூடாது சார்." பேசவே கூடாதென்று எனக்குச் சொல்லியிருந்ததைப் பூஜை நடுவில் சொல்லிவிடுகிறேன். சந்திரகிரி சாலையில் எங்கள் கல்லூரி ஷெட். கற்பூரப் புகை கலையாமல் நிற்கிறது. நாங்களே வடிவமைத்த பந்தயக் கார். போன வருஷம் கோயம்புத்தூரில் முன்சக்கரம் பிய்ந்து, ஓட்டிய மோகன்ராஜின் காலைக் காவு வாங்கிய அதே வண்டி, இன்று புதுச் சிவப்புப் பெயிண்டில். சக்கரத்தைத் தாங்கும் குழாயில் புரொபசர் சார் தன் கையால் வைத்த குங்குமத்தை விரலால் துடைக்கிறேன். அடியில் வெல்டிங் விரிசல். "உங்க வூட்ல மொதல் டிகிரி நீதான், கெடுத்துக்காதம்மா," என்கிறார். "வுடு காஞ்சனா, ஒண்ணும் ஆவாது," நாளை ஓட்டப்போகும் அருள்குமார் சிரிக்கிறான். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் காத்திருக்கிறது. ஓட்டுகிறவன் சட்டென்று இறங்குவதற்காக, கையோடு கழன்று வரும்படி ஸ்டீயரிங்கை வடிவமைத்தவள் நான்தான். கழற்றித் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வெளியே நடக்கிறேன்.