இடது ஸ்பீக்கர்

"இந்த மெஷினுக்கு மறதி வியாதி வந்திருக்கு, உஸ்தா."

மூன்று மாடி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் முனவ்வர் அம்மாள் புகாரைச் சொல்லிவிட்டாள். தில்முராத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். தாஷ்கண்டில் இருபது வருஷமாக டிவி, ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கிறவன்; கைத்தொழில்காரனை அங்கே 'உஸ்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். இப்படி ஒரு வியாதியை அவன் கேள்விப்பட்டதில்லை.

"என்னத்த மறக்குது, பெரியம்மா?"

"நான் வைக்கிற நம்பரை. தினம் மத்தியானம் இடது ஸ்பீக்கரை ஆறுல வைக்கிறேன். மறுநாள் பார்த்தா சைபர்ல நிக்குது. ஒரு மாசமா இதே கூத்து."

வயசானவர்கள் வீட்டில் வழக்கமாக நடப்பதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

"வேற ஏதாவது பட்டனை அழுத்தியிருப்பீங்க."

முனவ்வர் அம்மாள் ரிமோட்டை எடுத்தாள். மெனுவைத் திறந்தாள், ஸ்பீக்கர் பகுதிக்குப் போனாள், இடது என்பதில் நிறுத்தி ஆறு முறை தட்டினாள். ஒரு தட்டுகூடத் தவறவில்லை.

"யாரு சொல்லிக்கொடுத்தது?"

"கூட வந்த புத்தகம்தான். பூதக்கண்ணாடி வச்சு மூணு நாள் படிச்சேன். போதுமா?"

தில்முராத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கினான். நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி செருகினான். ஆறு ஆறாகவே இருந்தது. ஒயர்களை மாற்றிப் பார்த்தான், மூடியைக் கழற்றிப் பார்த்தான். குறை எதுவும் இல்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஆனா சைபர்ல ரெண்டு பக்கமும் சமமா இருக்கிறதுதானே முறை? இடது பக்கத்தை மட்டும் ஏன் ஏத்துறீங்க?"

அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க வீட்டுக்காரர் வானொலியில நாப்பது வருஷம் ஒலிப்பதிவு பார்த்தவர். ஒரு தந்தி கொஞ்சம் பிசகினாப் போதும், பாடுறவங்களையே நிறுத்திடுவார். இப்ப இடது காது மந்தமாயிடுச்சு. அது அவருக்குத் தெரியாது."

"தெரியாதா?"

"தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார், உஸ்தா. அந்தப் பக்கம் சத்தத்தை ஏத்தி வச்சா, ரெண்டு காதும் ஒண்ணாக் கேக்குதுன்னு நெனச்சுக்குவார் இல்லையா? சாயங்காலம் ஏழு மணிக்குக் கச்சேரி. முடிஞ்சதும் 'இன்னைக்கு இடது பக்கம் துதார் தந்தி எவ்வளவு சுத்தமா இருந்துச்சு!'ன்னு தினம் சொல்றார். அதுக்கப்புறம்தான் இந்தச் சனியன் மறந்து தொலைக்குது."

தில்முராத் அவள் ஊற்றிக்கொடுத்த பச்சைத் தேநீரை இரண்டு கிண்ணம் குடித்தான். பிறகு ரிசீவரின் முன்பக்கம் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தான். திரையில் சின்னதாக ஒரு பூட்டு வந்தது.

"ஆறுல வச்சுப் பூட்டிட்டேன். இனிமே அதுவா நெனச்சாலும் மறக்க முடியாது."

முனவ்வர் அம்மாள் இரண்டு ரொட்டிகளைத் துணியில் சுற்றி, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவன் பையில் திணித்தாள்.

கீழே முசுக்கட்டை மரத்தடியில் நாலைந்து பெரியவர்கள் செஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் ஒருவர் ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்து வந்தார். நெடுநெடுவென்று உயரம்.

"எங்க வீட்டுலருந்துதானே வர்றீங்க? நான் இஸ்மத்துல்லா. என்ன சொன்னா?"

"மெஷின்ல குறை ஒண்ணும் இல்லங்க, ஐயா. பூட்டிக் குடுத்திருக்கேன். இனிமே யாரும் நம்பரை மாத்த முடியாது."

பெரியவரின் முகம் வாடிவிட்டது.

"பூட்டிட்டீங்களா? எப்படித் திறக்கிறது அதை?"

தில்முராத் அவரை உற்றுப் பார்த்தான்.

"அப்போ தினம் மாத்துறது நீங்கதானா!"

"மெதுவா, மெதுவா. ஜன்னல் திறந்திருக்கு."

"என்னங்க இது? அந்த அம்மா கஷ்டப்பட்டு, கண்ணு வலிக்கப் புத்தகம் படிச்சு, உங்களுக்காகத்தான்..."

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோமே என்று பாதியில் நிறுத்தினான். கோபம் மட்டும் அடங்கவில்லை. இப்படிப்பட்ட மனைவி கிடைத்தும் இந்த மனுஷனுக்கு எவ்வளவு வீம்பு!

இஸ்மத்துல்லா சிரித்தார்.

"காது மந்தம்னு சொன்னாளாக்கும்? நாப்பது வருஷம் இந்தக் காதை வச்சே ரொட்டி தின்னவன், உஸ்தா. அது போனது எனக்கா தெரியாது?"

"தெரிஞ்சுமா குறைக்கிறீங்க? ஏன்?"

"அந்த ஸ்பீக்கர் பக்கத்துலதான் அவ உட்காருவா. அங்கதான் சமையலறைக் கதவு, எழுந்து போக வசதி. முதல் ரெண்டு நாள் ஏத்தி வச்சா பாருங்க, ரெண்டு நாளும் தலைவலின்னு நெத்தியில துணியைக் கட்டிக்கிட்டுப் படுத்துட்டா. என்ன ஆச்சுன்னு கேட்டா, வெயிலாம்! அதான் கச்சேரிக்கு முன்னாடி அவ டீ எடுக்க உள்ள போனதும் சைபருக்குக் கொண்டுவந்துடுவேன்."

தில்முராத் அண்ணாந்து மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்தான்.

பெரியவர் அவன் தோளில் கையைப் போட்டுத் தன் வலது பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"பூட்டைத் திறக்கிறது எப்படின்னு சொல்லிட்டுப் போங்க, உஸ்தா. எனக்குக் கேட்கிறதுக்கு இன்னொரு காது இருக்கு. அவளுக்கு இருக்கிறது ஒரே தலைதானே?"